விழ மறுத்த காமன்

எங்கள் மாமாவைப் பெரிய கங்காணி கெடுத்துவிட்டார் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. கெடுக்கிறவன் எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? நான் அப்போது சின்னப் பெண். ஆனால் கண் இருந்தது, பார்த்தேன்.

இலங்கையில், பசறைக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். என் அம்மாவோடு பிறந்த மாமா, மாசி மாதக் காமன் கூத்தில் வருஷா வருஷம் காமன் வேஷம் கட்டுவார். சிவன் தவத்தைக் கலைக்கும்படி தேவர்கள் காமனை ஏவுகிறார்கள். ரதி போகாதே என்று மறிக்கிறாள். அவன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிந்து விழுகிறான். பிறகு ரதி அழுது கேட்க, சிவன் எழுப்பித் தருகிறார். ஏவிய தேவர்களுக்கு ஒரு சூடும் இல்லை. மாமா விழுவதைப் பார்க்கவே அடுத்த தோட்டங்களிலிருந்து சனம் வரும். வெட்டிய மரம் மாதிரி விழுவார். பெண்கள் நிஜமாகவே அழுவார்கள்.

அந்த வருஷம் மாமா சில்லறைக் கங்காணி ஆகியிருந்தார். பெரிய கங்காணிக்குக் கீழே, வேலை வாங்கத் தனக்கென்று ஒரு கூட்டம் ஆட்கள். கோட்டு ஒன்று வாங்கினார், வெயிலிலும் கழற்றவில்லை. கையில் பிரம்பு. கங்காணி பெண்சாதி கொழுந்து எடுக்கக் கூடாது என்று அத்தையிடம் சொன்னார். அத்தை கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கூத்துக்கு முந்திய நாள் பெரிய கங்காணி எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கே வந்தார். அவருடைய மருமகனும் சில்லறைக் கங்காணிதான். அவனுக்கு ஆள் போதாது என்பது தோட்டத்துக்கே தெரியும்.

"சிவன் வேஷம் யாரு கட்டுறது?" என்று கேட்டார்.

"நம்ம தண்ணிக்கான் வெட்டுற பெரியவருதாங்க" என்றார் மாமா.

"உன் ஆளுதானே. நாளைக்கு அவன் காலடியில விழுவ, மறுநா அவனை வேலைக்கு வெரட்டுவ. சிரிக்க மாட்டானா?"

அவர் போனதும் அத்தை வெளியே வந்தாள். "வேஷத்துல என்னங்க கங்காணி? விழுந்தாத்தானே எழுப்புவாங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அந்தாளு வந்துட்டுப் போனதும் உங்க மூஞ்சி மாறிருச்சு. அது தெரியுது."

கூத்து நடந்து விடிகிற நேரத்தில் சிவன் கண்ணைத் திறந்தார். தப்பு மேளம் முழங்கியது. மாமா கரும்பு வில்லோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சிவன் கண்ணை மூடி இன்னொரு முறை திறந்து பார்த்தார். பிறகு, பாவம், மெதுவாக, "விழுங்க கங்காணி" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

"நான் விழ மாட்டேன். வேணுமுன்னா நீ எந்திரிச்சுப் போ."

தப்பு நின்றது. ரதி வேஷம் கட்டிய ஆள் அழுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார். நோன்பிருந்து காப்புக் கட்டி ஆடிய கூத்து பாதியில் நின்றால் தோட்டத்துக்கு ஆகாது என்று சனம் முணுமுணுத்தது. பெரிய கங்காணி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் கை தட்டினேன். என் மாமாவை யாராலும் எரிக்க முடியாது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், மாமாவுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. நான் புல் பிடுங்கும் பிள்ளைகளோடு நின்று பார்த்தேன். அவருடைய ஆட்கள் எல்லோரும் அவருக்கு எதிரே நின்றார்கள். முன்னால் கூடையோடு அத்தை. பெரிய கங்காணியின் மருமகன் தன் பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டான். யாரும் அசையவில்லை.

கான் வெட்டுகிற பெரியவர்தான் பேசினார். "சாமி காரியம் கங்காணி. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மாமா பிரம்பால் தன் காலைத் தட்டிக்கொண்டார். தோட்டத்துத் துரை வரும் வழியைப் பார்த்தார்.

துரை குதிரையில் வந்து, இது யார் ஆள் என்று கேட்டார்.

"யாரு ஆளும் இல்லைங்க துரை. வேலைக்கு வந்திருக்கோம்" என்றாள் அத்தை.

துரை பெரிய கங்காணியைப் பார்த்தார். அவர் மருமகனைக் கைகாட்டினார். முடிந்தது. ஆட்கள் அவனுக்குப் போனார்கள், மாமாவுக்குக் கங்காணி வேலை போனது. அடுத்த நாளே மாமா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மற்றவர்களோடு மலை ஏறினார்.

சாகும்வரை அவர் ஒன்றையே சொன்னார்: "அந்தாளு என்னைக் கெடுத்துட்டான்." பெரிய கங்காணி அயோக்கியன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வந்து மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நின்றது மாமா. மறுநாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் மாமா.

எனக்கு அன்றைக்குக் கோபமெல்லாம் அத்தைமேல்தான். கட்டிய புருஷனுக்கு எதிரே போய் நின்றவள் என்று அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. துரை வரும்வரை அவள் மாமாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அதை வெறுப்பு என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டால் முதல் ஆளாகப் போய் அவருக்குப் பின்னால் நிற்பதற்காகத்தான் அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.