சிவப்பு உருண்டைக்குக் கீழே

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்னக் காஞ்சிபுரத்தில் சீரியல் பல்புக் கடை வைத்தேன். சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கினேன். கருட சேவைக்கு மாடி உயரத்தில் பல்புகளாலேயே பெருமாளை நிறுத்தினேன். மூன்று மாடி வீடு கட்டினேன். ஒருத்தர் கைகொடுத்ததில்லை.

ஆனால் என் தொழிலில், திருவிழா முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். நான் செய்ததில் இன்றும் நிற்பது ஒன்றுதான்: பெண்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் உள்ள நட்சத்திரம்.

தொண்ணூறுகளின் கடைசியில், என் மனைவி தவறிய வருஷம், அந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் கடைக்கு வந்தார். ஒரு நட்சத்திரத்துக்கு வயதாவதை மூன்று உருண்டைகளில் காட்ட வேண்டுமாம். முதலில் மஞ்சளாக, அளவாக இருக்கும். வயதானால் பல மடங்கு ஊதி, மேலே சூடு குறையும். பிறகு மேலுள்ளதெல்லாம் கழன்றுபோய், பயங்கரச் சூட்டோடு குட்டியாக ஒன்று மிஞ்சும்.

மூங்கில் கட்டி, துணி போர்த்தி, உள்ளே பல்பு வைத்தேன். சூடு குறைந்த பெரியதற்கு நீலம், கொதிக்கும் குட்டிக்குச் சிவப்பு. டீச்சர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"தலைகீழா பண்ணிட்டீங்களே ஐயா! ஆறினதுதான் செவப்பு. கொதிக்கிறது வெள்ளை."

"இன்னா டீச்சரம்மா சொல்றீங்க? பாத்ரூம் குழாயில செவப்புதானே சுடுதண்ணி?"

"நட்சத்திரத்துக்குக் குழாய் போட்டது யாரு, நீங்களா?"

"சொல்லியிருந்தா போட்டிருப்பேம்மா."

அவர் சிரித்துவிட்டார். பெரியதற்குச் சிவப்புத் துணி மாற்றினேன். குட்டிக்குள் கண் கூசும் வெள்ளை பல்பு வைத்தேன். அன்று இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். மூன்று மாடியில் ஒரு அறையில்தான் விளக்கு எரிந்தது.

பிறகு பல்பு மாற்றும் சாக்கில் அடிக்கடி பள்ளிக்குப் போவேன். சிவப்பு உருண்டையின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். அவ்வளவு பெரியது, கையில் சூடே தெரியாது.

டீச்சர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன மாதம் புது வாட்ச்மேன் வாசலிலேயே மறித்தான்.

"யாரு பெரிசு நீ?"

"உள்ள இருக்குதே நட்சத்திரம், அதைச் செஞ்சவன்பா."

"போர்டுல பொண்ணுங்க செஞ்சதுன்னுதானே எழுதிக்கீது?"

உண்மைதான். 'மாணவியர் படைப்பு' என்று எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் துணி தைத்தார்கள், மறுக்கவில்லை. கட்டியது நான், எரியவிட்டது நான். எங்கள் தொழிலில் ஒவ்வொரு விளக்குத் தட்டியின் கீழ் மூலையிலும் 'மின் அலங்காரம்' என்று போட்டு, செய்தவன் பெயர் சின்ன பல்புகளில் எரியும். அந்தச் சிவப்பு உருண்டைக்குக் கீழேயும் என் பெயர் எரிய வேண்டும். பல்பு நானே கொண்டுவருகிறேன். பள்ளிக்கூடத்தார் கதவைத் திறந்துவிட்டால் போதும்.