ஏகாதசியன்று பிஷிமா சமைத்த சோறு

கிழக்கு வங்காளத்திலிருந்து ஜனங்கள் எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்த வருடம் அது. அகதி முகாமில் தொண்டு செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து கிளம்பினேன். "பாஷ தெரியாத ஊர்ல போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று அப்பா கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்காகவே பாதியில் திரும்பக் கூடாது என்று ஹவுராவில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

தங்குவதற்கு லேக் கார்டன்ஸில் ஒரு வங்காளிக் குடும்பம் இடம் கொடுத்தது. கணவன், மனைவி, குழந்தைகள், அப்புறம் கணவனின் விதவை அக்கா. அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குழந்தைகள் அவரைப் பிஷிமா, அதாவது அத்தை, என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்றில் மீன் கொதிக்கும். மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்னொன்று பிஷிமாவுக்கு மட்டும். விதவைகளுக்கு அங்கே மீன் ஆகாது. வெங்காயம், பூண்டு, மசூர் என்கிற சிவப்புப் பருப்புகூட ஆகாது. நான் சைவம் என்றதும் பிஷிமா என்னைத் தன் அடுப்பில் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வம்பு. வயசுப் பெண், முகாமில் கொடுத்த வெள்ளைச் சேலை, போதாததற்கு மீன் வேண்டாம் என்கிறாள். தெருவே சேர்ந்து என்னை விதவையாக்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் என் கன்னத்தைத் தடவிக் கண்ணீர் விட்டார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று என் அரைகுறை வங்காளத்தில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பிஷிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போகட்டும் விடும்மா. இத்தனை வருஷத்துல என் அடுப்புல எனக்குத் துணையா உக்காந்து சாப்பிட்டது நீ ஒருத்திதான்" என்றார்.

முகாமில் ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. வரும் வழியில் காலராவில் புருஷன் போய்விட்டான். மடியில் கைக்குழந்தை. அண்டாவில் எல்லோருக்கும் பொதுவாகக் கிச்சடி வேகும். அதில் மசூர் பருப்பு, வெங்காயம். அவள் தொட மாட்டேன் என்றாள். ஒரு பிடி பொரி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். பால் வற்றிக்கொண்டு வந்தது. அங்கிருந்த தண்ணீரில் பால்பவுடர் கலக்க டாக்டருக்குப் பயம். "தாய் சாப்பிடாட்டி பிள்ளை தங்காது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளாகக் கெஞ்சினேன், திட்டினேன். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. எனக்கு அவள் மேல் ஆத்திரம், அந்த அண்டா மேல் ஆத்திரம். இவளைச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிஷிமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க கையால ஆக்கினா சாப்பிடுவா. நாளைக்கு என்னோட வாங்க பிஷிமா."

"நாளைக்கா?"

"நாளைக்கேதான்."

"சரி" என்று பச்சரிசியை அளக்க எழுந்தார்.

காலையில் வாளிக்குள் மண் பூசிய தூக்கு அடுப்பு, கரி, பச்சரிசி, பாசிப்பருப்பு, பூசணிக்காய் எல்லாவற்றையும் டாக்ஸியில் ஏற்றினோம். வாசலில் நின்ற பிஷிமாவின் தம்பி மனைவி, "இன்னிக்கா போறீங்க, தீதி?" என்று நாத்தனாரைக் கேட்டார். காலராவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து அவரை முறைத்தேன்.

முகாமில் ஓரமாக ஓர் இடத்தைக் கழுவி, பிஷிமா அடுப்பைப் பற்றவைத்தார். அந்தப் பெண் தூரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு வெந்தது. இலையில் பரிமாறி அவள் முன்னால் வைத்தார். அவள் கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு ஏகாதசி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வைகுண்ட ஏகாதசி ஒன்றுதான்; நான் இந்த ஊருக்கு வந்த பிறகு வந்த முதல் ஏகாதசி இது. வங்காளத்து விதவைக்கு மாதம் இரண்டு ஏகாதசியும் பட்டினி. ஆசாரமான வீடுகளில் சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. அது பிஷிமாவுக்குத் தெரியாதா? பத்தொன்பது வயதில் விதவையானதிலிருந்து ஒரு ஏகாதசிகூட அவர் தவறவிட்டதில்லை. தெரிந்துதான் வந்திருக்கிறார், அவளுக்காவது ஊட்டிவிடலாம் என்று. நாள் பார்க்காமல் அவரை இழுத்து வந்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிஷிமா அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனக்கும் ஓர் இலை போட்டு, சோற்றையும் பருப்பையும் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண் நிறையத் தண்ணீர். நிதானமாக மென்று விழுங்கினார். அப்புறம் எச்சில் கையைக் கழுவிக்கொண்டு, அவள் இலையை அவள் பக்கமாக நகர்த்தினார். ஏகாதசி ஒன்றைத் தவிர மற்ற ஆசாரம் எதையும் அவர் விடவில்லை.

"பாத்தியா? பாவம்னு ஒண்ணு இருந்தா அது முதல்ல என் தலையிலதான். உன் பிள்ளைக்கு ஏகாதசி தெரியாதும்மா. சாப்பிடு."

அவள் பிஷிமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலையில் கை வைத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், மறுசோறும் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நான்கு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தம்பி மனைவி மீன் அடுப்பருகில் இருந்தார். "வெயில்ல ஒரு வாய் தண்ணிகூட இல்லாம எப்படி சமாளிச்சீங்க, தீதி?" என்று கேட்டார்.

"சோறே சாப்பிட்டேன்" என்றார் பிஷிமா.

தம்பி மனைவியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிஷிமா தூக்கு அடுப்பிலிருந்த சாம்பலைத் தட்டிக் கொட்டினார்.

"நாளைக்கும் போறேன். அடுத்த ஏகாதசிக்கும் போவேன். அரிசி இன்னும் கூடுதலா வாங்கி வை. அங்கே என்னைப் போல நிறைய பேர் இருக்காங்க."