பச்சை டப்பிக்குள் ஓர் ஆணி

அந்த டப்பியை மண்ணுக்குள் வைத்தது நீங்கள்தான், அத்தான். அது அங்கேயே கிடந்தது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறீர்கள். பொய்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இவர் என் அக்காவின் கணவர். ஊரில் முதல் ஷெல் விழுமுன்பே விமானம் ஏறியவர். லீவு நாட்களில் மெட்டல் டிடெக்டரோடு பழைய இடங்களைக் கிண்டுவது இவருக்குப் பொழுதுபோக்கு. நான் இங்கே மொன்ட்ரியாலுக்கு வருமுன் கிளிநொச்சிப் பக்கம் ஐந்து வருடம் கண்ணிவெடி அகற்றினேன். நான் டிடெக்டர் பிடித்தது சோற்றுக்கு.

பியர்பொன்ட்ஸ் தாண்டி ஒரு பழைய பண்ணைவீட்டு நிலத்தில் தேட, அதன் சொந்தக்காரரிடம் இவர் அனுமதி வாங்கியிருந்தார். பிரெஞ்சுக்காரர் வந்து குடியேறிய காலத்து வீடு. கல் அத்திவாரம் மட்டும் மிச்சம். அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். போவதற்கு முதல் வாரம் என் குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி, மிதிவெடி எப்படி இருக்கும் என்று கேட்டார். என் கணவருக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. அக்கறையில் கேட்கிறார் என்று நம்பிச் சொன்னேன். பச்சை நிறம், வட்டம், உள்ளங்கை அகலம். என் பக்கத்துப் பாதையில் வேலை செய்தவளின் கால் போனதையும் சொன்னேன். முட்டாள் நான்.

அங்கே அத்தான் டிடெக்டர் சத்தம் கேட்ட இடத்தில் மண்வெட்டியை நேரே இறக்கினார். நான் முழங்காலில் இருந்து, பக்கவாட்டில் சிறு கரண்டியால் சுரண்டினேன். கை அப்படித்தான் பழகியது.

"உப்பிடி நோண்டினா பனி கொட்டத் தொடங்கீடும், மச்சாள்" என்றார்.

கையால் அடித்த சதுர ஆணிகள் நாலைந்து, ஒரு பித்தளைப் பொத்தான், பாதிக் குதிரை லாடம் கிடைத்தன. சந்தோஷமாக இருந்தது. வெடிக்காத சாமானைத் தேடுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

மத்தியானம், மேப்பிள் மரத்தடியைப் பார்க்கச் சொன்னார். டிடெக்டர் கத்தியது. சுரண்டினேன். பச்சை விளிம்பு தெரிந்தது.

மொன்ட்ரியாலில் மிதிவெடி இல்லை என்று எனக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

"அக்கா, அசையாதேங்கோ" என்று கத்தினேன்.

வந்த தடத்திலேயே தவழ்ந்து பின்னால் போனேன். உடுப்போடு மூத்திரம் போய்விட்டது. அக்கா நின்ற இடத்திலேயே நின்று அழுதார். அத்தான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்து போய், டப்பியைக் கிளப்பி, என் மடியில் போட்டார்.

"வெடிக்கேல்லையே, மச்சாள்."

அந்த வீடியோவைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். லொங்குய்யில் நடந்த பிறந்தநாள் விழாவில் பெரிய டிவியிலும் ஓடவிட்டார். நான் சோற்றுத் தட்டோடு நின்றேன். என் பாவாடை நனைந்த இடத்தில் நிறுத்தி, திரும்பவும் ஓடவிட்டார். சிரித்தார்கள். நான் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துப் பிழைப்பவள். தலை சரியில்லாதவளிடம் பிள்ளையை விடலாமோ என்று கேட்டு, அந்தக் குழுவில் இருக்கிற இரண்டு தாய்மார் அடுத்த கிழமையே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

அந்த டப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அக்காவின் பிளாஸ்டிக் முகக்கிறீம் டப்பி. உள்ளே, டிடெக்டர் கத்துவதற்கென்று போட்ட ஓர் ஆணி. அந்தப் பண்ணைவீட்டுச் சதுர ஆணி இல்லை. கடையில் வாங்கிய, உருண்டையான, துருப்பிடிக்காத புது ஆணி. மிதிவெடியின் நிறமும் அளவும் இந்த நகரத்தில் நான் சொன்னது ஓர் ஆளுக்குத்தான்.

அக்கா உங்களுக்குப் பயந்து வாய் திறக்கமாட்டார். நீங்கள் திறவுங்கள், அத்தான். வீடியோ போட்ட அதே குழுவில், சிரித்த அத்தனை பேரும், அந்த இரண்டு தாய்மாரும் பார்க்க எழுதுங்கள். அந்த டப்பியை அங்கே புதைத்தது யார்?