கைப்பையில் வைத்த லேகியம்

காலை ஆறு மணிக்கு முத்துப்பேட்டையிலிருந்து கார் கிளம்பும்போதே எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு நாளாக வீட்டில் தூக்கமில்லை. ஷார்ஜாவில் இருக்கும் மகள் பாத்திமாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. முதல் பிரசவத்தின்போது எங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. மருந்தும் பத்தியமும் இல்லாமல், வயிற்றுவலியோடு அவள் போனில் அழுததை என் மனைவி கதீஜா இன்னும் மறக்கவில்லை. இந்த முறை விசா கிடைத்துவிட்டது. சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்துத் தன் கையாலேயே பிரசவ லேகியம் கிண்டி எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள்.

பெட்டி கட்டும்போதே இதில் ஒரு தகராறு.

"பெரிய பெட்டியிலயே வச்சிடேன்" என்றேன்.

"கருவாட்டோடயா? புள்ள பெத்தவ சாப்பிடுற மருந்துங்க!"

மருமகனுக்கு வஞ்சிரக் கருவாடு இல்லாமல் எங்கள் ஊரிலிருந்து யாரும் விமானம் ஏறுவதில்லை. மருந்தையும் கருவாட்டையும் ஒரே பெட்டியில் வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே கருவாடு பெட்டிக்குப் போனது, லேகியம் கைப்பைக்கு வந்தது.

திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். கார் வாடகை இரண்டாயிரத்து இருநூறு. மன்னார்குடி தாண்டி வடுவூர் வழியாகப் போனோம். சம்பா நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம், பாலத்துக்குப் பாலம் பள்ளம். தஞ்சாவூர் வருவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. அங்கே இட்லி சாப்பிட்டோம். கதீஜா அப்போதும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

தஞ்சாவூரைத் தாண்டியதும் புது நான்கு வழிச்சாலை. துவாக்குடிப் பக்கம் டோல்கேட்டில் காசு கொடுத்துவிட்டு டிரைவர் செல்வம் சலித்துக்கொண்டான்.

"ரோட்டுல போறதுக்கும் காசுங்க பாய்."

"இதுக்கே இப்படிச் சொல்றியே, என் டிக்கெட்டைப் பாரு" என்றேன். விமான டிக்கெட்டில் கட்டணத்துக்குக் கீழே பயணிகள் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தது. டிக்கெட் போட்டவரைத் துருவித் துருவிக் கேட்டிருந்தேன். அதில் ஒரு பங்கு பாதுகாப்புச் சோதனைக்காம். விமானக் கம்பெனி நம்மிடம் வாங்கி விமான நிலையப் பாதுகாப்புக்குக் கொடுத்துவிடுமாம். காவலர் சம்பளம், மெஷின் செலவு எல்லாம் அதிலிருந்துதான் என்றார்.

"அப்ப உங்களைச் சோதிக்கிறதுக்கு நீங்களே கூலி குடுக்கிறீங்களா?"

"ஆமாப்பா."

"நல்லா இருக்குங்க! எங்க தெரு கூர்க்காவாச்சும் காசு வாங்கிட்டு சல்யூட் அடிப்பான்."

நான் சிரித்தேன். பின் சீட்டில் கதீஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த சவாரி இருக்கிறதென்று செல்வம் உடனே திரும்பிவிட்டான். பெரிய பெட்டியை கவுன்டரில் போட்டோம். மேலே போனால் சோதனை வரிசை, ஆண்கள் தனி, பெண்கள் தனி. என்னைத் தடவிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். கதீஜாவின் கைப்பை மட்டும் மெஷினைத் தாண்டி ஓரமாக நின்றது. ஓர் இளம் பெண் காவலர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"லேகியம்மா. புள்ள பெத்த மவளுக்கு."

"குழைவா இருக்கிற எதையும் கையில கொண்டுபோக விட மாட்டாங்கம்மா. பெட்டியில போட்டிருக்கணும்."

பெட்டி எப்போதோ உள்ளே போய்விட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இந்தச் சோதனைக்குக் காசு குடுத்ததே நாங்கதாம்மா!"

"சார், அந்தக் காசு சோதிக்கிறதுக்குத்தான். விடுறதுக்கு இல்ல."

கதீஜா ஒரு விரல் லேகியத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "பாருங்க, நானே திங்கிறேன். தப்பான பொருளா இருந்தா திம்பேனா?" என்றாள். அந்தப் பெண் முடியாதென்று தலையை ஆட்டினார். அப்போது கதீஜா இரண்டு கைகளையும் கூப்பிவிட்டாள். வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறவர்களிடம்கூட நிமிர்ந்து நின்று பேசுகிறவள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் கைப்புள்ள இருக்கும்மா. விட்டா என் வேலை போயிடும். வெளிய ஆள் இருந்தா குடுத்து அனுப்பிடுங்க" என்றார் அந்தப் பெண். வெளியே யார் இருக்கிறார்கள்? டப்பாவை மேசைக்குப் பின்னால் வைத்தார். "டப்பாவையாச்சும் கழுவித் தரச் சொல்லட்டுமாம்மா?"

"டப்பா எதுக்கு?" என்று கதீஜா நடந்துவிட்டாள்.

காத்திருக்கும் கூடத்தில் காபி வாங்கி வந்தேன். அவள் தொடவில்லை. "அங்க போயிக் கிண்டிக்கலாம். ஷார்ஜாவுல சுக்கு கிடைக்காமலா போயிடும்?" என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே எங்கள் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் நம்ம டிக்கெட்டு காசுலேர்ந்துதான் போவுதா?"

"அதுலேர்ந்தும்தான்."

"அப்ப நாம குடுக்கிற சம்பளம்."

"ஆமா."

"பின்ன நான் எதுக்குங்க அவளைக் கும்பிட்டேன்?"

விமானம் ஏற அழைத்தார்கள். கதீஜா எழுந்து முன்னால் நடந்தாள். நான் இரண்டு டிக்கெட்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.