எச்சில் கை வைத்தியம்

முதலில் தெரிந்தது சாளை மீனில்தான். அன்று மதியம் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் குழம்பும் வைத்திருந்தேன். ஒரே இழுப்பில் நடுமுள்ளை உருவிப் போடுகிற மனிதர், மீனைத் தட்டில் போட்டு அளைந்துகொண்டே இருந்தார். விரல்கள் பிடிக்கவில்லை. என்னவென்று கேட்டேன். பதில் குழறியது.

என் கணவர் குளச்சல் பக்கம் ஓடும் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். 2012இல் அவருக்கு அறுபத்தாறு வயது. மருத்துவமனையில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். தாமதிக்காமல் கொண்டுபோனதால் பிழைத்தார்.

பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். கம்பூன்றி நடந்தார். பேச்சு தெளிந்துவிட்டது. விழுங்குவதில் குறையில்லை என்று டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். வலது கை மட்டும் மடியில் சும்மா கிடந்தது.

நான் விடுவேனா? பல் தேய்த்துவிட்டேன். சட்டை மாட்டினேன். சாரம் (கைலி) கட்டிவிட்டேன். மீனில் முள் ஆய்ந்து, கிழங்கோடு பிசைந்து, உருண்டை பிடித்து ஊட்டினேன். பார்க்க வந்தவர்கள் என்னை வாயாரப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரோ நாளுக்கு நாள் குறைவாகச் சாப்பிட்டார். ஒரு நாள் மூன்றாவது உருண்டைக்கு வாயை இறுக மூடிக்கொண்டார். ருசி இல்லையோ என்று நினைத்து மறுநாள் புளி கூட்டி வைத்தேன். அப்படி ஒரு அறிவு எனக்கு.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து முதியவர்களின் வீடுகளுக்கு ஒரு பிசியோதெரபி (உடற்பயிற்சியால் தசைகளை மீட்கும் சிகிச்சை) பெண் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தாள். வயதானவர்கள் தம் காரியங்களைத் தாமே பார்க்கும்படி செய்வதுதான் தன் வேலை என்றாள். என்ன ஆசை என்று அவரிடம் கேட்டாள். சந்தைக்கு நடந்து போக வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“சாளைக்க முள்ள நானே எடுத்துத் தின்னணும்,” என்றார்.

இடது கையில் கரண்டி பிடிக்கலாம் என்றாள் அவள். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். அப்படியானால் வலது கைதான் என்று பயிற்சி தொடங்கினாள். புளியங்கொட்டைகளை இரண்டு விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். காலண்டர் தாளை அவர்தான் கிழிக்க வேண்டும். காலமெல்லாம் டிக்கெட் கிழித்த விரல்கள் ஒரு தாளுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டின. ஆனால் கிழித்தன.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். அவர் கை கிழங்கைத் தொடும் முன்பே என் உருண்டை அவர் வாய்க்குப் போனது.

“அம்மா, அவருக்க கை சரியாகிட்டு வருது. ஒங்க கைதான் அடங்கமாட்டேங்கு,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஊட்டாவிட்டால் பட்டினி கிடப்பார் என்று சண்டைக்குப் போனேன். அவள் கோபப்படவில்லை. எச்சில் கையால் இன்னொருவர் தட்டைத் தொடுவீர்களா என்று கேட்டாள். செத்தாலும் தொடமாட்டேன் என்றேன். சரி, நாளையிலிருந்து நீங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே நான் உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் தட்டு வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. வேகமாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக் கையை எச்சிலாக்கிக்கொண்டேன். அவர் மூன்று முறை எடுத்த கிழங்கு மூன்று முறையும் பாயில் விழுந்தது. கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம். நான் அழுதுவிட்டேன். நான்காவது முறை வாய்க்குப் போனது.

ஒரு நாள் தாங்காமல் இடது கையால் அவர் தட்டை அருகே தள்ளினேன். முறைத்தார். அந்தப் பெண்ணிடமும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என் இடது கையில் தண்ணீர்த் தம்ளர். வாசிக்கிறவர்களில் யாராவது இப்படி ஊட்டிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் கேட்டுவிட்டு நீங்களும் ஒரு தட்டு போட்டு உட்காருங்கள்.

முதலில் கிழங்கு, பிறகு சோறு. நான்காம் மாதம் சாளை வாங்கினேன். முழு மீனை அவர் தட்டில் வைத்தேன். விரல் வழுக்கியது. திருப்பிப் போட்டார். பெருவிரலால் அமர்த்தி, சதையை மெல்ல ஒதுக்கினார். நடுமுள் பாதியில் ஒடிந்தது. என் கை தன்னால் நீண்டது.

“எச்சிக் கையி. உனக்க தட்டப் பாருட்டி,” என்றார்.

மிச்ச முள்ளையும் எடுத்து, விளக்கு வெளிச்சத்துக்குக் காட்டுவதுபோலத் தூக்கிப் பிடித்தார். பிறகு தின்றார். ஐந்து மீன் தின்றார். நானும் சூடு ஆறாத குழம்பில் வயிறார மீன் தின்றேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் அது எனக்கு வாய்த்ததில்லை. சட்டியைச் சரித்துப் பார்த்தவர், “கறி தீந்துட்டே. இத்தன வருசம் நீ என்னத்த வச்சுத் தின்ன?” என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். மறுநாளிலிருந்து பெரிய சட்டியில் வைக்கிறேன்.

இப்போது சட்டை, சாரம், சவரம் எல்லாம் அவர் பாடு. முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் முதலில் முடித்துவிட்டு, கை காயக் காய அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து கழுவலாம்தான். கழுவிவிட்டால் இந்தக் கை அவர் தட்டுக்குப் போய்விடும்.