வண்ணாத்திப்பூச்சியும் பாத்ரூமும்

இன்று கல்முனையில் ஒரு புடவைக் கடையில் உம்மாவோடு சேர்ந்து அவவுக்குச் சாரி பார்த்துக்கொண்டிருந்தேன். முகாமைத்துவக் கருத்தரங்குக்குப் போய்வந்த முதலாளி, சாரி காட்டிய பெண்ணை எங்கள் முன்னாலேயே ஏசத் தொடங்கினார்.

"வண்ணாத்திப்பூச்சி செட்டையடிச்சா எங்கயோ புயல் வருமாம். நேத்து நீ வெளிய போன நேரம் ஒரு கஸ்டமர் திரும்பிப் போனா. இனி அவட குடும்பமே இஞ்ச வராது. நீயும் நாளைக்கு வராத, புள்ள."

"பாத்ரூமுக்குத்தானே போனன் முதலாளி. கடையில பொம்புளையளுக்கு இல்லயே."

"அது வேற கத."

புயலின் மூலத்தைத் தேடிப் போனவர், தன் கடை வாசலோடு சரியாக நின்றுவிட்டார்; உள்ளே வந்து பார்க்கவில்லை.

சாரியை வைத்துவிட்டு வந்துவிட்டோம். அதற்கும் அந்தப் பிள்ளையைத்தான் ஏசியிருப்பார்.

உங்கள் ஊர்க் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் எங்கே போகிறார்கள்? யாராவது கேட்டிருக்கிறீர்களா?