அவரைக் கேட்கவேணும்

போன மாதம் ஒரு டொக்டருக்கும் ஒரு நோயாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சின்ன வேலைதானே என்று நினைத்துப் போனேன். இன்றுவரை அது என்னை விட்டபாடில்லை.

நோயாளி, கொழும்பு வெள்ளவத்தையில் நானிருக்கும் வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தவமணி அக்கா. ஐம்பத்திரண்டு வயது. வைத்தியத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து தனியே கப்பலேறி வந்தவர். கணவர் அங்கே பள்ளிக்கூட மாஸ்டர். ஊரைவிட்டு வெளியே வருவதற்கான பாஸ் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கர்ப்பப்பையில் கட்டி. உடனே ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார் டொக்டர் — இளம் சிங்களப் பெண், நல்ல மனம். சம்மதப் படிவத்தை நீட்டினார்.

தவமணி அக்கா பேனாவைத் தொடவில்லை. "அவரைக் கேக்கவேணும்."

சிங்களத்தில் சொன்னேன். டொக்டரின் முகம் வாடிவிட்டது. இப்படி எத்தனை பெண்களைப் பார்த்திருப்பார்!

"இது உங்களுடைய உடம்பு அம்மா. உங்கள் கையெழுத்து மட்டும் போதும். கணவரின் அனுமதி தேவையில்லை என்று சொல்லுங்கள்."

சொன்னேன். கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"விளங்குது தங்கச்சி. எண்டாலும் அவரைக் கேக்கவேணும்."

மூன்று கிழமை அவகாசம் தருவதாகச் சொன்னார் டொக்டர். அதற்கு மேல் தள்ளினால் ஆபத்து. இப்போதே இரத்தம் குறைந்துபோயிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெடித்துவிட்டேன்.

"உங்கட உயிர் அக்கா! அவர் வேண்டாமெண்டு சொன்னா என்ன செய்வீங்கள்?"

"அவர் என்ன சொல்லுறார் எண்டு முதல்ல பாப்பமே" என்றார், ஜன்னலுக்கு வெளியே வீதியைப் பார்த்தபடி.

அன்றே கடிதம் எழுதினார். சண்டையால் தரைப்பாதை பூட்டு, அந்த ஊருக்கு ரெலிபோனும் இல்லை. கப்பலில் போகும் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்பினோம். பிறகு... காத்திருப்புத்தான்.

பத்தாம் நாளளவில், மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று தரம் உட்கார்ந்து எழும்பத் தொடங்கினார். முகம் கடதாசி மாதிரி வெளுத்துவிட்டது. அவருடைய கையெழுத்தை நானே போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். அவருடைய சுதந்திரத்தைக் காப்பாற்ற, அவருக்குத் தெரியாமல் அவர் கையெழுத்தை நான் போடுவதா? நல்ல கதை!

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. படியில் உட்கார்ந்தே வாசித்தார். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

ஒப்பரேசன் என்று அவசரப்பட வேண்டாமாம். பாஸ் கிடைத்ததும் தான் வருவாராம். வந்த பிறகு இரண்டு பேருமாகப் பார்ப்போமாம்.

எதைச் சொல்லி இந்த மனுசியை மாற்றுவது?

"தங்கச்சி, நாளைக்கு லீவு போடேலுமோ?" என்றார். "டொக்டரிட்டைப் போய்க் கையெழுத்து வைக்கவேணும்."



"அவர் வேண்டாமெண்டெல்லோ எழுதியிருக்கிறார்?"

"ஓம். பயந்திட்டார், பாவம். தான் பக்கத்தில இல்லாமல் எனக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு பயம்."

"அப்ப ஏனக்கா இவ்வளவு நாளும் காத்திருந்தனீங்கள்?"

"முப்பது வருசமா எல்லாத்தையும் அவரைக் கேட்டுத்தான் செய்தனான்." கடிதத்தை மெதுவாக மடித்தார். "அவர் சொன்னபடி செய்தனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

மறுநாள் லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்; கையெழுத்து வைத்தார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. அவர் மயக்கம் தெளியும்வரை வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

படித்த படிப்பு, பார்க்கும் வேலை, வேண்டாமென்று தட்டிவிட்ட இரண்டு கல்யாணப் பேச்சு — எல்லாமே என் சொந்த முடிவுகள். வீட்டில் ஒருவரையும் கேட்டதில்லை. அதைத்தான் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஏன் கேட்கவில்லை? அம்மா ஒரு தரம் "வேண்டாம் பிள்ளை" என்றிருந்தால் என் உறுதி உடைந்துபோயிருக்கும். அந்தப் பயம்தான்! தவமணி அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை. அவரால் கேட்க முடியும். பதில் எதுவாக இருந்தாலும் அதைக் கையில் வாங்கி, எழுதியவரின் பயத்துக்காகக் கண் கலங்கி, பிறகு தான் நினைத்ததைச் செய்யவும் முடியும்.

எங்கள் இரண்டு பேரில் யார் சுதந்திரமானவர்? வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வார்ட்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. கணவருக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒப்பரேசன் முடிந்துவிட்டது. கோபிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடவும். இருமலுக்கு மருந்து எடுக்கவும். நீங்கள் வரும்போது நானே நடந்து வந்து கதவைத் திறப்பேன்...

"வேற என்னக்கா?"

"ஷெல் விழுந்து உடைஞ்ச குசினிக் கூரையைத் திருத்தவேணும். ஓடு போடுவமோ தகரம் போடுவமோ எண்டு அவரைக் கேட்டு எழுதுங்கோ."

எழுதினேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"ஓடுதான்" என்றார், கண்ணை மூடிக்கொண்டே. "ஆனா கேளுங்கோ."